சொல்லிக்கொண்டு கிளம்பியவள்

வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கல்கத்தாவில் கட்டி மேய்ப்பது லேசான காரியம் என்று யாராவது சொன்னால், அவரைப் பிடித்து ஒரு வாரம் ஸ்மிதாவின் வேலையில் போட்டுப் பார்க்கவேண்டும். இந்தத் தடவை மலேசியாவிலிருந்து ஒரு கல்லூரிக் கூட்டம் வந்திருந்தது. எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். காலையில் சாந்த்ராகாச்சி ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுவார்கள். குளிர்காலத்தில் அங்கே வந்திறங்கும் வாத்துகளுக்குக் கொஞ்சமாவது தண்ணீர் தெரியவேண்டுமே. மத்தியானம் ஊர் சுற்றுவார்கள். சாயங்காலம், மகனும் மகளும் அமெரிக்கா கனடா என்று போய்விட்டதால் தனியாகக் கிடக்கும் பெரியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேச்சுத்துணையாக உட்கார்ந்திருப்பார்கள். தொண்டு, கலாசாரம், இயற்கை மூன்றும் ஒரே பயணத்தில் என்று விளம்பரம் எழுதியது ஸ்மிதாதான். மூன்றும் சேர்ந்தால் ஒருத்தருக்கும் ஒழுங்காகச் சாப்பிட நேரமிருக்காது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாள்.

பாலிகஞ்சில் பிறந்து பாலிகஞ்சிலேயே கல்யாணம் ஆனவள் அவள். கொள்ளுத்தாத்தா ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுத வந்தவர், திரும்பிப் போகவில்லை. அதனால் ஸ்மிதாவுக்கு வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், ஆபீஸில் இங்கிலீஷ். மூன்றிலும் வாயாடுவாள்.

வந்திறங்கும் பிள்ளைகளை முதல் நாளே உட்காரவைத்து ஒரு பாடம் நடத்திவிடுவது அவள் வழக்கம்.

"இங்க யார் வீட்டுலேருந்து கிளம்பினாலும் போறேன்னு சொல்லக்கூடாது. நாம போயிட்டு வரேன்னு சொல்றோம் இல்லையா, அதே மாதிரி இங்க 'ஆஷி'ன்னு சொல்லணும். வரேன்னு அர்த்தம். பெரியவா பதிலுக்கு 'எஷோ'ன்னு சொல்லுவா. வான்னு அர்த்தம். அதைக் காதுல வாங்கிண்டு அப்புறம்தான் வாசப்படி தாண்டணும். புரிஞ்சுதா?"

பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாதிரி ஒரே குரலில் "ஆஷி" என்பார்கள். வங்காளத்தில் வேறு ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் இதை ஒன்று சொன்னால் போதும், பெரியவர்கள் உருகிவிடுவார்கள் என்பது அவள் கண்ட அனுபவம்.

இந்தக் கூட்டத்தில் பாடத்தை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டவள் ஜெயப்ரியா. ஈப்போவிலிருந்து வந்தவள். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் மின்னஞ்சலோடு நிறுத்திக்கொள்ள, ஜெயப்ரியாவின் அம்மா மட்டும் தினமும் ஸ்மிதாவுக்கே போன் போட்டுவிடுவார்.

"ஒத்தப் புள்ளம்மா எனக்கு. அவள வச்சுத்தான் நான். கொஞ்சம் பாத்துக்குங்க."

"கவலையே படாதீங்கோம்மா. உங்க பொண்ணை எப்படி அனுப்பினேளோ அப்படியே திருப்பி அனுப்பறது என் பொறுப்பு" என்பாள் ஸ்மிதா. ஒவ்வொரு நாளும் இதே வாக்கு. சொல்லச் சொல்ல அவளுக்கே அந்தப் பெண்மேல் தனியாக ஒரு பாசம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அன்று சாயங்காலம் அவர்கள் போனது குஹா வீட்டுக்கு. ஸ்மிதாவின் ஃப்ளாட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மூன்றாவது மாடியிலிருக்கும் அவள் பால்கனியில் நின்றால், நேர் எதிரே அந்த வீட்டு மொட்டைமாடியின் பச்சைத் தண்ணீர்த்தொட்டி தெரியும். குஹா கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்மிதா சின்ன வயதிலிருந்தே அவரை மேஷோ என்றும் அவர் மனைவியை மாஷிமா என்றும்தான் கூப்பிடுவாள். பெரியப்பா பெரியம்மா மாதிரி. மேஷோ படுக்கையில் விழுந்து சில வருஷங்கள் ஆகின்றன. மகன் கனடாவில்.

மாஷிமா கதவைத் திறந்தார். கஞ்சி போட்ட புதுப் புடவை. வீடு முழுக்க ஊதுபத்தி மணம், கொஞ்சம் அளவுக்கு மீறியே. கார்த்திகை மாதக் குளிரில் ஜன்னல்கள் அத்தனையும் திறந்துகிடந்தன. உள் அறையில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது.

"மேஷோ தூங்கறார்" என்றார் மாஷிமா வங்காளத்தில். "ஆனா நீங்க பேசுங்க. குழந்தைகள் எப்போ வரும், எப்போ வரும்னு ஒரு வாரமா என்னை அரிச்செடுத்துட்டார். அவருக்குக் கேக்கும்."

பிள்ளைகள் பேசினார்கள், சிரித்தார்கள், தட்டு நிறைய சந்தேஷ் என்ற பால் இனிப்பைத் தின்றார்கள். அபிநவ் என்ற பையன் ஒரு மலாய்ப் பாட்டுக்கூடப் பாடினான். மாஷிமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் கண் மட்டும் அடிக்கடி உள் அறைப் பக்கம் போய்வந்தது. நோயாளி இருக்கும் வீடு, அப்படித்தான் இருக்கும் என்று ஸ்மிதா நினைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது எல்லாரும் வரிசையாக மாஷிமாவிடம் "ஆஷி" சொன்னார்கள். ஜெயப்ரியாவுக்கு அது போதவில்லை. வீட்டுப் பெரியவரிடம் சொல்லாமல் எப்படிப் போவது? உள் அறை வாசலில் போய் நின்று, கைகூப்பி, "ஆஷி, மேஷோ" என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு சிரித்த முகத்தோடு திரும்பிவந்தாள்.

"எழுந்துட்டாரா?" என்று கேட்டாள் ஸ்மிதா, செருப்பை மாட்டிக்கொண்டே.

"ஆமாங்க்கா. எஷோன்னு சொன்னாரு. குரல்தான் ரொம்ப மெல்லிசா இருக்கு, பாவம்."

மாஷிமா சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலியாக இருக்கும் என்று ஸ்மிதா கையைக் கொடுத்தாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

மறுநாள் காலை ஏரிக்கரையில் ஸ்மிதாவின் போன் அடித்தது. குஹா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். மேஷோ காலமாகிவிட்டார், தகனத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டோம் என்றார்.

"ஐயோ. நேத்து சாயங்காலம்கூட அங்கதானே இருந்தோம். ராத்திரி போனாரா?"

"இல்ல ஸ்மிதா. டாக்டர் வந்து பாத்துட்டுச் சொன்னார், நேத்து விடியற்காலையிலேயே உயிர் போயிருக்கு. அவர் மனைவி ராத்திரிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

ஸ்மிதாவுக்கு ஊதுபத்தி, திறந்த ஜன்னல், ஓடிய மின்விசிறி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா அத்தனை சந்தேஷையும் தின்றோம்? அதைவிட மோசமான கேள்வி அதற்கு அடுத்தபடியாக வந்தது. அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு எஷோ சொன்னது யார்?

கண் தானாக ஜெயப்ரியாவைத் தேடியது. மற்றப் பிள்ளைகள் கரையில் ஆகாயத்தாமரையை அம்பாரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் முழங்கால் தண்ணீரில் தனியாக நின்று ஏரியின் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயப்ரியா, இங்க வா" என்று கூப்பிட்டாள் ஸ்மிதா.

"வரேங்க்கா" என்றாள் அவள், தெளிவாக, சந்தோஷமாக. சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. அவள் நிற்கவில்லை. ரோட்டில் நடப்பவள் போலக் கையை வீசி நடந்தாள். அபிநவ் மட்டும் பார்த்துப் பாய்ந்து தலைமுடியைப் பற்றி இழுத்திராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

கரையில் போட்டுத் துவட்டியபோது அவள் விழித்துப் பார்த்தாள். "என்னாச்சு? ஏங்க்கா எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? நீங்க கூப்பிட்டீங்க, நான் வந்தேன், அவ்வளவுதானே."

தலைசுற்றல் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தாள் ஸ்மிதா. டாக்டரும் பார்த்துவிட்டு வெயில், பட்டினி என்றார். ஜெயப்ரியாவின் அம்மாவிடம் மட்டும் ஸ்மிதாவால் அன்று ஒழுங்காகப் பேச முடியவில்லை. "நல்லா இருக்காம்மா" என்று சொன்ன தன் குரலை அவளாலேயே நம்ப முடியவில்லை.

அடுத்த நாள், ஏரிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் தங்கியிருந்த விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கு ஜெயப்ரியாவைக் காணோம். தேடி ஓடினால், பக்கத்து ரயில்வே யார்டில் தண்டவாளங்களைக் குறுக்கே தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு சரக்கு இன்ஜின் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. ஸ்மிதா தொண்டை கிழியக் கத்தினாள். "வரேன்" என்று பதில் வந்தது. திரும்பவில்லை. யார்டுக்காரர் ஒருவர் அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனார். இன்ஜின் கடந்துபோயிற்று. ஸ்மிதா ஜல்லிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்தில்தான் அவளுக்கு அது உறைத்தது. நேற்று ஏரியில் அவள் நடந்ததும் இதே பக்கம்தான். போனில் வரைபடத்தைத் திறந்தாள். ஏரி, யார்டு, அதற்கு அப்பால் கங்கை, அதற்கும் அப்பால் பாலிகஞ்ச். விரலை வைத்து ஒரே கோடாக இழுத்துப் பார்த்தாள். கோடு குஹா வீட்டில் போய் நின்றது. இந்தப் பெண் வழி தேடவில்லை. குறுக்கே ஏரி இருந்தாலும் ரயில் வந்தாலும் கங்கையே கிடந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற நேராகப் போகப்பார்க்கிறாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். ஹரிஷங்கர் வங்கியில் அதிகாரி. பேய் பிசாசு என்றால் முதலில் சிரிப்பவன். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"என்னடி இது, சாவு வீட்டுல போய் வரேன்னு சொல்லிண்டு கிளம்புவாளா யாராவது? துக்கத்துக்குப் போனா வாயே திறக்காம எழுந்து வந்துடணும். உங்கப்பா போனப்போ வந்தவா ஒருத்தராவது சொல்லிண்டு போனாளா?"

"சாவு வீடுன்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தா அந்த வார்த்தையைச் சொல்லிக் குடுத்திருப்பேனா?"

"உனக்குத் தெரியலை. போனவருக்குத் தெரியுமே" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, டம்ளரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வந்து, "வரேன்னு சொன்னவ ஒரு தடவை போயிட்டா கணக்கு தீர்ந்துது. கூட்டிண்டு போ. கொஞ்சம் உக்காரு. கிளம்பறச்சே ரெண்டு பேரும் வாயைத் திறக்காம வந்துடுங்கோ. திரும்பியும் பாக்காதீங்கோ" என்றான்.

வேறு வழி ஸ்மிதாவுக்குத் தோன்றவில்லை. மறுநாள் பத்து மணிக்கு டாக்ஸி வைத்து ஜெயப்ரியாவை ஏற்றிக்கொண்டாள். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். பெண் பயந்து அழும் என்று பார்த்தால், அது பாட்டுக்கு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் வெளுத்துக்கிடந்த முகம், பாலம் ஏறி இறங்கியதும் தெளிந்துவிட்டது.

கிடர்பூர் தாண்டும்போது, "இங்கதான் அவரு வேல பாத்தாரு. மழ பெஞ்சா இங்க முட்டி வரைக்கும் தண்ணி நிக்கும்" என்றாள்.

"யார் சொன்னா உனக்கு?"

ஜெயப்ரியா யோசித்தாள். "தெரியலயே அக்கா" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தில் முதல் முறையாகப் பயம் வந்தது. ஸ்மிதாவின் கையைப் பற்றிக்கொண்டாள், விடவே இல்லை.

"உள்ள போனப்புறம் என்ன நடந்தாலும் சரி, கிளம்பறச்சே ஒரு வார்த்தை பேசப்படாது. தலையைக்கூட ஆட்டாதே. முடியுமா?"

"முடியும்க்கா. எனக்கு எங்கம்மாட்டப் போணும்" என்றாள். அதைக் கேட்டதும் ஸ்மிதா, இந்தக் குழந்தையை விமானம் ஏற்றாமல் விடுவதில்லை, எது வந்தாலும் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாஷிமா வெள்ளைப் புடவையில் இருந்தார். கூடத்தில் மேஷோவின் படம், அதற்கு வெள்ளைப் பூமாலை. உள் அறையில் கட்டில் மட்டும் கிடந்தது, மெத்தை இல்லை. மின்விசிறி நின்றிருந்தது. தீட்டு வீடு, தண்ணீர் தவிர ஒன்றும் கொடுப்பதற்கில்லை என்று மாஷிமா வருத்தப்பட்டார்.

"கோபமா என்மேல?" என்று கேட்டார் பிறகு. "குழந்தைகள் வரப்போறாங்கன்னு முந்தின நாளே ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். நல்ல சட்டை எடுத்து வைக்கச் சொன்னார். காலையில பார்த்தா இப்படி. இந்த வீட்டுக்கு யார் வர்றாங்க ஸ்மிதா? சொன்னா நீங்களும் வரமாட்டீங்க. ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சாயங்காலம் வீடு நிறைஞ்சு இருக்கட்டும்னு நினைச்சேன்."

ஸ்மிதாவுக்குக் கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது.

"அந்தப் பொண்ணு அவர் பேசினார்னு சொன்னப்போ எனக்கு உயிரே போயிட்டது" என்றார் மாஷிமா. "ஆனா நான் நம்பினேன். அம்பது வருஷத்துல, எஷோ சொல்லாம அவர் யாரையும் அனுப்பினதில்ல."

கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். ஜெயப்ரியா தரையைப் பார்த்தபடி இருந்தாள். உள் அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தெருவில் மீன்காரனின் குரல் போயிற்று. ஸ்மிதா அவள் முதுகில் லேசாகத் தட்டினாள். இரண்டு பேரும் எழுந்தார்கள்.

வாசலை நோக்கி நடக்கும்போது ஜெயப்ரியாவின் கால் பின்னியது. உதடு துடித்தது. உள்ளேயிருந்து யாரோ கழுத்தைப் பிடித்துத் திருப்புவதுபோல் தலை அறைப்பக்கம் மெல்லத் திரும்பப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஸ்மிதா அவள் தோளைப் பிடித்து, யோசிக்காமல், வாசப்படிக்கு வெளியே ஒரே தள்ளாகத் தள்ளினாள். பெண் படியிறங்கித் தெருவில் போய் நின்றாள். பேசவில்லை, திரும்பவில்லை. நின்ற இடத்தில் பெரிதாக மூச்சு விட்டாள். முங்கிக் கிடந்தவள் மேலே வந்தது போல் இருந்தது அது. பாரம் இறங்கிவிட்டது என்று ஸ்மிதாவுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. அப்பாடா என்று அவள் உடம்பு முழுவதும் தளர்ந்தது.

அந்தத் தளர்ச்சியில்தான் மாஷிமா அவள் கையைப் பிடித்தார்.

"நீயும் ஒண்ணும் சொல்லாம போறியே, மா" என்றார். குற்றம் சொல்லவில்லை, அழவுமில்லை. பாவாடை கட்டிய வயதிலிருந்து தன்னைத் தெரிந்த கை. இனி இந்த வீட்டில் தனியாகக் கதவைத் திறந்து, தனியாகக் கதவைச் சாத்தப்போகும் கை.

ஸ்மிதா சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. நடக்கத் தெரிந்த நாளாக இந்த ஊரின் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, இரக்கம் வந்ததும் தானே புரண்டுவிட்டது.

"ஆஷி, மாஷிமா."

சொன்ன மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மாஷிமாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் பதறிக் கையை விட்டார், வாயை இறுக மூடிக்கொண்டார், பதில் சொல்லவில்லை. மெத்தையில்லாத கட்டில் கிடந்த அறையிலிருந்து, மெல்லிசாக, நல்ல பிரியத்தோடு, வயதானவர் ஒருவரின் குரல் கேட்டது.

"எஷோ, மா."

ஜெயப்ரியா அன்று மத்தியானம் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டு நாள் கழித்து விமான நிலையத்தில் அபிநவைக் கேலி செய்து ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகும்முன் ஓடிவந்து ஸ்மிதாவைக் கட்டிக்கொண்டு, "போயிட்டு வரேங்க்கா" என்றாள். ஸ்மிதா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். பதில் மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கே அவள் அம்மாவின் போன் வந்தது. "வந்து சேந்துட்டாம்மா. முழுசாக் குடுத்துட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்று அழுதார். ஸ்மிதாவும் அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள். வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவு அவளுக்கு நிஜமாகவே இருந்தது. குஹா வீட்டில் கடைசியாக நடந்ததை ஹரிஷங்கரிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவான். எல்லாம் பிரமையாகக்கூட இருக்கலாம், அடுத்த வாரம் ஒரு நடை போய், மாஷிமாவைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டால் ஆயிற்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் இதமாக இருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஹரிஷங்கர் இரண்டு டம்ளரில் காபி கலந்து கூடத்துக்குக் கொண்டுவந்தான்.

"ஸ்மிதா, காபி ஆறிடறது, வா."

"இதோ வரேன்" என்றாள் அவள், தெளிவாக, சந்தோஷமாக. மடித்த துணியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, பால்கனிக் கதவைத் திறந்தாள். எதிரே பச்சைத் தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. நேராக நடந்தாள்.